1/72 ஸ்பிட்ஃபயர் மாடலுக்கு வண்ணம் அடிப்பது: பெட்டியைத் திறப்பதிலிருந்து ஆன்டெனா கம்பி வரை

விமான மாடல் கட்டப் புதிதாக வருகிறவர்கள் பெயின்ட் சரியில்லை, பிரஷ் சரியில்லை, கை நடுங்குகிறது என்றுதான் சொல்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் கை நன்றாகவே இருக்கும், பெயின்டும் நல்ல பெயின்ட்தான். வரிசைதான் தப்பியிருக்கும். காக்பிட்டுக்கு நிறம் அடிக்காமல் உடலை ஒட்டியிருப்பார்கள், சொரசொரப்பான மேட் (பளபளப்பு இல்லாத) பெயின்ட் மேல் நேராக டிகால் (தண்ணீரில் நனைத்து வைக்கும் ஒட்டுப்படம்) வைத்திருப்பார்கள், இல்லை என்றால் காய்வதற்குள் அடுத்த வேலையைத் தொட்டிருப்பார்கள்.

அதனால் இங்கே ஒரே ஒரு மாடலை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை போகிறேன். 1940 கோடையில் பறந்த பிரிட்டிஷ் போர் விமானம் ஸ்பிட்ஃபயர் மார்க் 1, 1/72 அளவு, அதாவது நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு. ஏர்ஃபிக்ஸ், டாமியா இரண்டு கம்பெனியும் இதைப் போடுகின்றன. இறக்கை முனைக்கு முனை 15.6 செ.மீ. வரும், உள்ளங்கையில் அடங்கும். மேலே இரண்டு நிறம், கீழே ஒரு நிறம், கண்ணாடிக் கூண்டு, டிகால், அழுக்கு என்று எல்லா வேலையும் இதில் இருப்பதால், இதைச் சரியாக முடித்தவர் வேறு எந்தப் போர் விமானத்தையும் முடித்துவிடுவார்.

முதலிலேயே ஒரு விஷயம். ஒவ்வொரு அடுக்கும் அதன் மேல் வரப்போகும் அடுக்கின் தின்னரை (பெயின்டை இளக்கும் திரவம்) தாங்க வேண்டும். கீழே லாக்கர் ப்ரைமர் (அடிப்பூச்சு), அதன் மேல் அக்ரிலிக் நிறங்கள், அதன் மேல் அக்ரிலிக் கிளாஸ் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு), அதற்கும் மேல்தான் எனாமல் வாஷ் (இடுக்குகளில் ஓடவிடும் நீர்த்த பெயின்ட்). இனி சொல்லப்போகும் வரிசையில் பாதி இந்த ஒரு காரணத்தால் வந்தது.

1. மேஜையில் முன்கூட்டியே இருக்க வேண்டியவை

நிப்பர், 11-ம் எண் பிளேடு போட்ட கத்தி, தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள் (400, 600, 1000, 1500), மெல்லிய பிளாஸ்டிக் சிமென்ட், மாடலுக்கான பட்டி, ப்ளூ டாக் (களிமண் மாதிரி பிசைந்து ஒட்டி எடுக்கும் பசை), டூத்பிக், நைட்ரைல் கையுறை, வெள்ளை பெவிகால். மாஸ்கிங் டேப் 6 மி.மீ. ஒன்றும் 10 மி.மீ. ஒன்றும் மாடலுக்கென்று விற்பதை வாங்குங்கள். வீட்டுச் சுவருக்கு ஒட்டுகிற டேப்பில் பசை அதிகம், ஓரமும் சொரசொரவென்று இருக்கும், அந்த ஓரத்துக்கு அடியில் பெயின்ட் கசியும்.

நிறங்கள்: டாமியா அக்ரிலிக்கில் அடிப்பக்கத்துக்கு எக்ஸ்எஃப்-21 ஸ்கை (பெயர்தான் வானம், நிறம் வெளிர் பச்சை), மேலே பழுப்புக்கு எக்ஸ்எஃப்-52, பச்சைக்கு எக்ஸ்எஃப்-81. ஹம்பரால் வைத்திருந்தால் அதே வரிசையில் 90, 29, 30. காக்பிட்டுக்கு ஹம்பரால் 78. இரண்டு கம்பெனி பெயின்டையும் ஒரே கிண்ணத்தில் கலக்காதீர்கள், தயிர் திரிந்த மாதிரி ஆகிவிடும்.

ஏர்பிரஷ் என்றால் 0.3 மி.மீ. நாசில் போதும். கம்ப்ரசரில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி கட்டாயம் வேண்டும். ஐப்பசி அடைமழையில் குழாய்க்குள் தண்ணீர் சேர்ந்து, நன்றாக அடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சொட்டு இறக்கையில் துப்பும். அன்றைய வேலை அத்தோடு போச்சு.

மூக்குக்குத் துணி மாஸ்க் போதாது. ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் போட்ட ரெஸ்பிரேட்டர் வாங்குங்கள், ஜன்னலை ஒட்டி உட்காருங்கள். லாக்கர் ஆவி நுரையீரலுக்கு நல்லதல்ல. வீட்டில் குழந்தைகள் இருந்தால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

2. எந்த மாதத்து விமானம் என்று முடிவு செய்யுங்கள்

பெயின்ட் மூடியைத் திறக்கும் முன் இதைச் செய்யாதவர்கள் பின்னால் வருத்தப்படுகிறார்கள். 1940-ல் ஸ்பிட்ஃபயரின் தோற்றம் ஒரே வருடத்துக்குள் பல தடவை மாறியது. ஜூன் மாதத்துக்கு முன்பு அடிப்பக்கம் ஒரு பாதி கறுப்பு, ஒரு பாதி வெள்ளை. ஜூனிலிருந்து ஸ்கை நிறம். வாலுக்கு முன்னால் உடலைச் சுற்றி வரும் ஸ்கை பட்டையும் ஸ்கை நிற மூக்குக் கூம்பும் நவம்பர் கடைசியில்தான் வந்தன. ஆகவே ஆகஸ்ட், செப்டம்பர் விமானம் என்றால் கூம்பு கறுப்பு, பட்டை கிடையாது.

இந்த வழிகாட்டியில் ஆகஸ்ட் 1940 என்று வைத்துக்கொள்வோம். கிட் தாளில் உள்ள வண்ணப் படத்தைச் செல்போனில் படம் எடுத்து, மாடல் அளவுக்கே பிரின்ட் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 8-ம் படியில் அது தேவைப்படும்.

3. கழுவுங்கள், பிறகு வெட்டுங்கள்

பாகங்கள் அவற்றைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டத்தில் இருக்கும்போதே, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட வெதுவெதுப்பான தண்ணீரில், பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். அச்சிலிருந்து பிளாஸ்டிக் எளிதாகக் கழன்று வருவதற்காகப் பூசிய எண்ணெய்ப் பசை மேலே இருக்கலாம். அது இருந்தால் பெயின்ட் பிடிக்காது.

இதை நான் ஒரு தடவை தாண்டிப் போனேன், அதுவும் தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு உட்கார்ந்தேன். மேல் நிறம் முடிந்து டேப்பை உரித்தபோது இடது இறக்கையின் அடியில் ஸ்கை நிறம் பெரிய தோசைத் துண்டு மாதிரி டேப்போடு வந்தது. இப்போது ப்ரைமர் அடித்த நிமிடத்திலிருந்து கையுறை இல்லாமல் மாடலைத் தொடுவதில்லை.

வெட்டும்போது பாகத்தை ஒட்டி வெட்டாதீர்கள். 2 மி.மீ. தள்ளி ஒரு வெட்டு, அப்புறம் மிச்சத்தைக் கத்தியால் சீவுங்கள். ஒட்டி வெட்டினால் பிளாஸ்டிக் வெளுத்துக் குழி விழும், அந்தக் குழி ப்ரைமருக்குப் பிறகுதான் கண்ணில் படும்.

4. காக்பிட்: ஒட்டும் முன்பே முடிக்க வேண்டிய நிறம்

உடலின் இரண்டு பாதியும் ஒட்டிய பிறகு உள்ளே பிரஷ் நுழையாது. எனவே காக்பிட் முழுவதும் இப்போதே.

உட்சுவர்களுக்குச் சாம்பல் கலந்த பச்சை. அது காய்ந்ததும் அடர் பழுப்பு எனாமல் வாஷ் கொஞ்சமாக விட்டு, மூலைகளில் தேங்கவிடுங்கள். இந்த அளவில் உள்ளே வெளிச்சம் போகாது. நிழலை நாமே வரைந்து வைத்தால்தான் கண்ணுக்கு ஆழம் தெரியும். பிறகு ஏறக்குறைய ஈரம் இல்லாத பிரஷ்ஷில் வெளிர் பச்சை தொட்டு, மேடான விளிம்புகளில் மட்டும் தடவுங்கள்.

கருவிப் பலகை கறுப்பு. டிகால் இருந்தால் வைத்து, ஒவ்வொரு டயலின் மேலும் டூத்பிக் முனையால் கிளியர் (நிறமில்லாத பளபளப்புப் பெயின்ட்) ஒரு புள்ளி வையுங்கள், கண்ணாடி போட்ட மாதிரி மின்னும்.

இருக்கைப் பட்டை பல கிட்டில் வராது. வந்தாலும் தடிமனாக இருக்கும். மாஸ்கிங் டேப்பைக் கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டி, ஸ்கேல் வைத்து 0.7 மி.மீ. அகலத்தில் சீவுங்கள். நிஜத்தில் அது 5 செ.மீ. பட்டை. தோள் மேலிருந்து இரண்டு, இடுப்பிலிருந்து இரண்டு, முனையில் வெள்ளிப் பெயின்டால் ஒரு கொக்கிப் புள்ளி. டேப்பை நேராக ஒட்டாமல் இருக்கையின் விளிம்பில் கொஞ்சம் மடிந்து தொங்கும்படி விடுங்கள். கூண்டைத் திறந்து வைத்தால் பார்க்கிறவர் கண் முதலில் போகும் இடம் அதுதான். காக்பிட்டில் வேறு எதையும் செய்ய நேரம் இல்லை என்றாலும் இந்தப் பட்டையைச் செய்யுங்கள்.

5. ஒட்டு, பட்டி, உப்புத்தாள்

சிமென்ட் போடும் முன் பாகங்களை டேப்பால் கட்டிப் பொருத்திப் பாருங்கள். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் அரை மில்லிமீட்டர் இடைவெளி தெரிகிறதா? 72 மடங்கு பெருக்கினால் நிஜ விமானத்தில் 3.6 செ.மீ., விரல் நுழையும் ஓட்டை. பட்டி போட்டு அடைப்பதை விட, இடிக்கும் உட்பகுதியைக் கொஞ்சம் தேய்த்து இடைவெளியையே குறைப்பது மேல்.

ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். சிமென்ட் பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டுகிறது. மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே இளகித்தான் இருக்கும். அப்போதே தேய்த்தால் இரண்டு நாளில் அந்த இணைப்பு உள்வாங்கிக் கோடாகத் தெரியும்.

400-ல் தொடங்கி 1500 வரை, இடையில் எதையும் தாண்டாமல் தேயுங்கள். 400 போட்ட கீறலை 600-தான் எடுக்கும், நேராக 1500-க்குப் போனால் கீறல் பளபளப்பாகும், போகாது. தேய்த்ததில் அழிந்த பேனல் கோடுகளை (விமானத் தகடுகள் சேரும் கோடுகள்) ஊசி முனையால் மெதுவாக மறுபடி கீறுங்கள்.

ப்ரொப்பெல்லர், சக்கரக் கால்கள், புகைக்குழாய்கள், ஆன்டெனா கம்பம் இவற்றை இப்போது ஒட்டாதீர்கள். குச்சியில் குத்தித் தனியாக அடித்துக்கொள்ளலாம். முன்பே ஒட்டியவர்களின் மாடலில் ஆன்டெனா கம்பம் முழுசாகக் கடைசி வரை வந்ததை நான் பார்த்ததே இல்லை.

6. கண்ணாடிக்கு மறைப்பு, பிறகு ப்ரைமர்

கூண்டுக் கண்ணாடியை சூப்பர் குளூவால் ஒட்டக் கூடாது. அதன் ஆவி கண்ணாடியின் உட்புறம் வெள்ளையாகப் பனி பிடித்த மாதிரி படியும், ஒட்டிய பிறகு உள்ளே கை போகாது. பெவிகால் போதும். காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது, கசிந்தாலும் ஈரத் துணியால் துடைத்துவிடலாம்.

சட்டங்களுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பின் மேலும் டேப்பை ஒட்டி, டூத்பிக்கால் ஓரங்களை அழுத்தினால் சட்டத்தின் விளிம்பு டேப்பின் மேல் கோடாகத் தெரியும். புது பிளேடால் அந்தக் கோட்டிலேயே, எடை கொடுக்காமல் இழுங்கள். பிளேடு பழசாக இருந்தால் அழுத்தத் தோன்றும், அழுத்தினால் வழுக்கும். ஒரு கூண்டுக்கு ஒரு புது பிளேடு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மறைத்த கூண்டின் மேல் முதலில் காக்பிட் பச்சையை அடியுங்கள். வெளி நிறத்தை அதன் மேல்தான் அடிக்கப் போகிறோம். கண்ணாடி வழியாக உள்ளே பார்க்கும்போது சட்டத்தின் உட்பக்கம் பச்சையாகத் தெரிய வேண்டும், இந்த ஒரு படியைத் தாண்டினால் அங்கே வெளிப்புறப் பழுப்பு தெரியும்.

அடுத்து ப்ரைமர். மிஸ்டர் சர்ஃபேசர் 1000 போன்ற சாம்பல் நிற லாக்கர் ப்ரைமர் நல்லது. அது பெயின்டைப் பிடித்து வைக்கும், எல்லாப் பரப்பையும் ஒரே நிறமாக்கி மறைந்திருக்கும் தவறுகளையும் காட்டிக்கொடுக்கும். டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கோடு தெரிந்தால் பட்டி, உப்புத்தாள், மறுபடி ப்ரைமர். புதியவர்கள் இங்கே "பெயின்ட் அடித்தால் மறைந்துவிடும்" என்று தாண்டிப் போகிறார்கள். பெயின்ட் எதையும் மறைக்காது, பளிச்சென்று காட்டும்.

7. அடிப்பக்கம்: ஸ்கை முதலில்

வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. பச்சை மேல் ஸ்கை ஏற நாலைந்து பூச்சு பிடிக்கும், ஸ்கை மேல் பச்சை ஒன்றிரண்டில் ஏறிவிடும். பூச்சு கூடக் கூடப் பேனல் கோடு அடைபடும். 0.1 மி.மீ. தடிமன் பெயின்ட் என்பது நிஜ விமானத்தில் 7 மி.மீ. தகடு.

டாமியா பெயின்டுக்கு எக்ஸ்-20ஏ தின்னரைச் சரிபாதி சேர்த்துத் தொடங்கி, காய்ச்சாத பால் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். கிண்ணத்தைச் சாய்த்தால் சுவரில் மெல்லிய படலம் விட்டுக் கீழே வழிய வேண்டும். அழுத்தம் 15 பிஎஸ்ஐ, தூரம் 5 முதல் 8 செ.மீ. விசையை இறக்கைக்கு வெளியே தொடங்கி, இறக்கையைத் தாண்டி வெளியே போய் விடுங்கள், நடுவில் தொடங்கினால் அந்த இடத்தில் பொட்டு விழும்.

நம் ஊர் வெயிலில் பெயின்ட் பறக்கும்போதே காய்ந்து, ரவை தூவிய மாதிரி இறங்கும். அப்படி வந்தால் கொஞ்சம் கிட்டே போங்கள், தின்னர் இன்னும் சேருங்கள், ரிடார்டர் (காய்வதைத் தாமதமாக்கும் திரவம்) இரண்டு சொட்டு விடுங்கள். ஊசி முனையில் காய்ந்த பெயின்டைத் தின்னர் தொட்ட பஞ்சால் அடிக்கடி துடையுங்கள். உச்சி வெயிலை விட காலை நேரம் இந்த வேலைக்கு நல்லது.

ஏர்பிரஷ் இல்லாதவர்கள் இங்கே நின்றுவிட வேண்டாம். ஆனால் டாமியா அக்ரிலிக்கைப் பிரஷ்ஷால் அடிக்காதீர்கள், இரண்டாவது பூச்சு முதல் பூச்சை இளக்கி இழுத்துக்கொண்டு வரும். வாலெஹோ போன்ற தண்ணீர்ப் பெயின்ட், தட்டையான மெல்லிய பிரஷ், மூன்று நாலு மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே நல்ல இடைவெளி. முதல் பூச்சு திட்டுத் திட்டாகத்தான் இருக்கும், பயந்து போய்த் தடிமனாக அப்பாதீர்கள்.

முடிந்ததும் பெரிய பிளாஸ்டிக் டப்பாவை மேலே கவிழ்த்து ஒரு நாள் விடுங்கள். தூசிக்கு அது ஒன்றே வைத்தியம். தலைக்கு மேலே ஃபேன் ஓடுகிற அறையில் திறந்து வைத்தால் காலையில் இறக்கை முழுவதும் நூல் ஒட்டியிருக்கும்.

8. மேல் நிறங்கள்

ஸ்கையை டேப்பால் மூடுங்கள். முதலில் பழுப்பு, மேல்பரப்பு முழுவதும். பழுப்பில் வெளிர் சாம்பல் சில சொட்டு சேர்ப்பது என் வழக்கம். 15 செ.மீ. பொருளின் மேல் நிஜப் பெயின்டின் அதே அடர்த்தி, பார்க்கும்போது நிஜத்தை விட இருண்டதாகத் தெரியும்.

அது காய்ந்ததும் பச்சைத் திட்டுகள். இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். கையால் ஏர்பிரஷ்ஷில் வரைய முயன்றால் விளிம்பு புகை மாதிரி 3 மி.மீ. பரவும், நிஜத்தில் அது 20 செ.மீ. அகல மங்கல், ஸ்பிட்ஃபயர் அப்படி இருந்ததில்லை. நிஜ விமானத்தில் விளிம்பு 2 செ.மீ. மங்கியிருந்தால் கூட இந்த அளவில் 0.3 மி.மீ.க்கும் குறைவுதான்.

எனவே ப்ளூ டாக்கை முறுக்கு மாவு மாதிரி 2 மி.மீ. கயிறாக உருட்டுங்கள். பிரின்ட் போட்டு வைத்த படத்தைப் பார்த்துப் பழுப்பு நிற எல்லையில் அந்தக் கயிற்றை வளைத்து வையுங்கள், அழுத்த வேண்டாம், சும்மா உட்கார்ந்தால் போதும். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பழுப்பாக இருக்க வேண்டிய இடங்களை டேப் துண்டுகளால் மூடுங்கள். டேப் கயிற்றின் மேல் பாதி வரை வரட்டும், அதைத் தாண்டக் கூடாது.

அடிக்கும்போது ஏர்பிரஷ் பரப்புக்கு நேர் செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்த்தால் கயிற்றுக்கு அடியில் பெயின்ட் நுழைந்து ஒரு பக்க விளிம்பு மங்கலாகவும் மறுபக்கம் கூர்மையாகவும் வரும். உடலின் வளைவில் இதை மறந்துவிடுவார்கள், மாடலைத்தான் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

உரிப்பது தனி வேலை. பெயின்ட் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததும், ஒரு மணி நேரத்துக்குள், உரிக்கத் தொடங்குங்கள். டேப்பை மேலே தூக்காதீர்கள். அதன் முனையை அதன் முதுகின் மேலேயே மடித்து, பரப்பை ஒட்டியே மெதுவாகப் பின்னால் இழுங்கள். ஒரு இடத்தில் பெயின்ட் தூக்குகிற மாதிரி இருந்தால் நிறுத்தி, எதிர்ப்பக்கத்திலிருந்து வாருங்கள். ப்ளூ டாக் எங்காவது ஒட்டி நின்றால் இன்னொரு உருண்டையால் ஒற்றி எடுக்கலாம், நகத்தால் சுரண்ட வேண்டாம்.

9. கிளாஸ்

மேட் பெயின்டின் மேல்பரப்பு, கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம். டிகாலுக்கு வழவழப்பான தரை வேண்டும். எக்ஸ்-22 கிளியரைத் தின்னரோடு கலந்து, முதலில் இரண்டு தூவல், பிறகு ஒரு ஈரமான பூச்சு. முதல் பூச்சையே ஈரமாக அடித்தால் கீழே உள்ள அக்ரிலிக் இளகி, பச்சையும் பழுப்பும் கலக்கும்.

24 மணி நேரம் காயவிடுங்கள், மழை நாளில் 48. காய்ந்ததா என்று மூக்கை வைத்துப் பாருங்கள். தின்னர் வாசனை வந்தால் இன்னும் காயவில்லை.

10. டிகால்

ஒவ்வொன்றாக வெட்டுங்கள், ஒவ்வொன்றாக நனையுங்கள். எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் போட்டால் மூன்றாவதை வைப்பதற்குள் ஏழாவது தானாகக் கழன்று சுருண்டுவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து, பதினைந்து வினாடி, எடுத்து டிஷ்யூவில் வைத்து ஒரு நிமிடம். விரலால் தள்ளிப் பார்த்து நகர்ந்தால் தயார்.

வைக்கும் இடத்தில் டிகால் ஒட்டும் திரவம், மார்க் செட்டர் அல்லது மைக்ரோ செட், ஈரமாகத் தடவி, காகிதத்தோடு கொண்டுபோய், பிரஷ்ஷால் காகிதத்திலிருந்து நழுவவிடுங்கள். ஈரம் இருக்கும் வரை நகர்த்தலாம். பிறகு பஞ்சால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரை ஒற்றுங்கள்.

கடைசியாக மென்மையாக்கும் திரவம், மார்க் சாஃப்டர் அல்லது மைக்ரோ சோல். இறக்கையின் மேல் வட்டச் சின்னம் ஏலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பகுதி) இடுக்கின் மேல் படியும் இடத்தை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். திரவம் பட்ட இரண்டாவது நிமிடத்தில் டிகால் பால் ஆடை மாதிரி சுருங்கும். பார்த்தவுடன் பதற்றம் வரும், விரல் தானாக நீட்டும். தொடாதீர்கள். அந்த நேரத்தில் அது நனைந்த அப்பளம் போல, தொட்ட இடம் பிய்ந்துவிடும். இருபது நிமிடம் கழித்து வந்து பார்த்தால் சுருக்கம் எல்லாம் போய், இடுக்குக்குள்ளேயே இறங்கி, பெயின்ட் அடித்த மாதிரி உட்கார்ந்திருக்கும்.

காய்ந்த பிறகு டிகாலுக்கு அடியில் வெள்ளியாக மின்னினால் அங்கே காற்று மாட்டியிருக்கிறது. ஊசியால் இரண்டு மூன்று குத்து குத்தி, அந்த ஓட்டையில் திரவம் ஒரு சொட்டு விடுங்கள். அடுத்த நாள் ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு, மெல்லிய கிளாஸ் ஒரு பூச்சு. இல்லாவிட்டால் அடுத்த படியில் துடைக்கும்போது டிகால் தேய்ந்துபோகும்.

11. வாஷ்

எனாமல் வாஷ்ஷைப் பேனல் கோட்டில் பிரஷ் முனையால் தொட்டால் தானாகக் கோடு முழுக்க ஓடும். மேல்புறத்துக்கு அடர் பழுப்பு, ஸ்கைக்கு நடுத்தரச் சாம்பல். கறுப்பு வேண்டாம், சின்ன மாடலில் கறுப்புக் கோடு போட்டால் ஓவியப் புத்தகத்தில் கோடு வரைந்த மாதிரி ஆகிவிடும்.

அரை மணி நேரம் கழித்து, எனாமல் தின்னர் லேசாக நனைத்துப் பிழிந்த பஞ்சால் மூக்கிலிருந்து வால் பக்கமாகத் துடையுங்கள். காற்று ஓடும் திசை அது, மிச்சம் விழும் கறையும் இயல்பாகத் தெரியும். தின்னரைக் குளமாகத் தேங்கவிடாதீர்கள். பெயின்ட் படாத பிளாஸ்டிக்கில் இறங்கினால், குறிப்பாக இழுத்துப் பிடித்து ஒட்டிய இணைப்புகளில், விரிசல் விடும்.

12. மேட்

மேட் கிளியர் இரண்டு மெல்லிய பூச்சு, அவ்வளவுதான். அடிக்கும் முன் பாட்டிலை நன்றாகக் கலக்குங்கள், மேட் தரும் தூள் அடியில் தங்கிவிடும். மழை பெய்துகொண்டிருக்கும் நாளில் அடிக்கவே அடிக்காதீர்கள். ஒரு கார்த்திகை மாத மாலையில் பொறுமையில்லாமல் அடித்தேன், பச்சை முழுவதும் சாம்பல் பூத்துப்போனது. காற்றின் ஈரம் படலத்துக்குள் மாட்டிக்கொள்வதால் வருவது அது. இரண்டு நாள் கழித்து, உலர்ந்த காலையில், தின்னர் அதிகம் சேர்த்த கிளாஸ் மெல்லியதாக அடித்ததில் பெரும்பாலும் தெளிந்தது.

13. அழுக்கும் தேய்மானமும்

இங்கே கை வைக்கும் முன், இந்த இடத்தில் ஏன் அழுக்கு வர வேண்டும் என்று கேட்டுப் பதில் கிடைத்தால் மட்டும் போடுங்கள். 1940 ஆகஸ்டில் ஒரு ஸ்பிட்ஃபயர் பல வருடம் வெயிலில் நின்ற வண்டி அல்ல. சில மாதங்கள், சில நேரம் சில வாரங்கள் பறந்த விமானம் அது. கொஞ்சமாகப் போடுங்கள்.

விமானி இடது பக்கக் கதவு வழியாக, இடது இறக்கை உடலோடு சேரும் இடத்தின் மேல் கால் வைத்துத்தான் ஏறுவார். ஆகவே பெயின்ட் தேய்ந்து உலோகம் தெரிவது அங்கே அதிகம், வலது பக்கம் குறைவு. இரண்டு பக்கமும் ஒரே அளவு சுரண்டிய மாடலைப் பார்த்தால் உடனே உறுத்தும். கிழித்த ஸ்பான்ஜ் துண்டில் வெள்ளி தொட்டு, காகிதத்தில் ஒற்றி முக்கால்வாசி போன பிறகு மிச்சத்தை இறக்கையில் ஒற்றுங்கள்.

வால் சுக்கானும் வாலின் கிடை இறக்கைகளில் அசையும் பகுதிகளும் இந்த மாடலில் துணி போர்த்தியவை, ஏலரானும் அப்படியே. துணியில் வெள்ளி எப்படி வரும்? அங்கே சுரண்டல் போடக் கூடாது.

இறக்கைக்கு நாலு வீதம் எட்டு இயந்திரத் துப்பாக்கி. அவற்றின் வாயில் சிவப்புத் துணி ஒட்டியிருப்பார்கள், குளிரும் தூசியும் உள்ளே போகாமல் இருக்க. சுட்டால் கிழிந்துவிடும். நீங்கள் சிவப்புத் துணியை முழுசாகக் காட்டினால் அந்த விமானம் இன்னும் சுடவில்லை என்று அர்த்தம், இறக்கைக்கு அடியில் புதிய கரித் தீற்றல் போடாதீர்கள். கரி வேண்டும் என்றால் சிவப்பை எடுத்துவிடுங்கள். இந்த முரண்பாட்டைப் பல நல்ல மாடல்களில் பார்த்திருக்கிறேன்.

புகைக்குழாய்க் கறைக்கு உலர் பேஸ்டல் சுண்ணக்கட்டியை உப்புத்தாளில் தேய்த்துத் தூளாக்குங்கள். முதலில் கரும்பழுப்பு, குழாயிலிருந்து இறக்கை உடலோடு சேரும் இடம் வரை பின்னோக்கி. அதன் நடுவில் வெளிர் சாம்பல் பழுப்பு, மெல்லியதாக. ஈயம் கலந்த பெட்ரோல் அந்தச் சாம்பலைத்தான் விட்டுப் போகும். வெறும் கறுப்பாக விட்டால் தீப்பிடித்த விமானம் மாதிரி இருக்கும். தூளின் மேல் மறுபடி மேட் அடித்தால் பாதி மறைந்துவிடும், அதனால் இதைக் கடைசியில் வைத்து, பிறகு அந்த இடத்தைத் தொடாமல் இருங்கள்.

14. கடைசிப் பாகங்கள்

சக்கரக் கால்கள், சக்கரம், புகைக்குழாய், ஆன்டெனா கம்பம், கடைசியாக ப்ரொப்பெல்லர். அலகுகள் கறுப்பு, நுனி மஞ்சள். மஞ்சளை முதலில் அடித்து, நுனியில் ஒன்றரை மில்லிமீட்டர் டேப்பால் மறைத்து, மேலே கறுப்பு. கறுப்பின் மேல் மஞ்சள் ஏறாது. சக்கரங்களின் அடியை உப்புத்தாளில் ஒரு இழுப்பு இழுத்துத் தட்டையாக்கினால் விமானத்துக்கு எடை வந்துவிடும்.

கண்ணாடி மறைப்பை இப்போது உரியுங்கள். டூத்பிக் முனையால் டேப்பின் ஒரு மூலையைக் கிளப்பி, இடுக்கியால் இழுக்க வேண்டும், கத்தி முனை வேண்டாம். பசை மிச்சம் இருந்தால் ஈரப் பஞ்சு போதும், தின்னர் பட்டால் கண்ணாடி மங்கிவிடும்.

ஆன்டெனா கம்பி காக்பிட்டுக்குப் பின்னால் உள்ள கம்பத்திலிருந்து வால் உச்சி வரை. சட்டத்தில் மிச்சமான பிளாஸ்டிக் துண்டை மெழுகுவத்திக்கு மேலே, சுடர் தொடாமல், சுழற்றிக்கொண்டே இருங்கள். நடுவில் பளபளத்துத் தொய்ந்ததும் சுடரிலிருந்து எடுத்து ஒரு கணம் பொறுத்து, இரண்டு கையையும் விரித்து இழுத்தால் தலைமுடி மாதிரி இழை வரும். கம்பத்தில் பெவிகால் புள்ளியால் ஒட்டி நன்றாகக் காய்ந்த பிறகு வால் முனையை ஒட்டுங்கள். இழை தொய்ந்து நின்றால், ஊதி அணைத்த ஊதுபத்தியின் கங்கை அதன் அடியில் ஒரு செ.மீ. தள்ளிக் காட்டுங்கள். சூடு பட்டதும் இழை தானாக விறைத்து நேராகிவிடும். நேரானதும் கையை எடுத்துவிடுங்கள், இன்னும் ஒரு நொடி காட்டினால் அறுந்துவிடும்.